கையிற் கட்டிய கணக்கப்பிள்ளை

யாழ்ப்பாண நகரின் நடுவே நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தை அறியாதார் நம்மவருள் இலர். 1875ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வருகை தந்ததன் நினைவாக எழுப்பப்பட்ட அக்கோபுரம், சொந்தமாக ஒரு கடிகாரம் வாங்க வசதியற்றிருந்தோர்க்கெல்லாம் பொதுவில் நேரத்தைச் சொல்லி வந்தது. பின்னர் உத்தியோகத்தர் கைகளிற் கடிகாரம் ஏறிற்று. அதன்பின் மணமகன் கையில் ஏறிற்று. பரீட்சையிற் சித்தியெய்திய மாணவன் கையிலும் ஏறிற்று. இன்றோ கையிற் கட்டும் கருவி நேரத்தைச் சொல்வதோடு நின்றுவிடுவதில்லை. எத்தனை அடி நடந்தோம், இருதயம் எத்தனை முறை துடித்தது, எத்தனை மணிக்கு உறங்கினோம், எப்போது விழித்தோம் என்பவற்றையெல்லாம் ஒரு கணக்கப்பிள்ளையைப் போல இரவு பகலாய்க் குறித்து வைக்கிறது. நாம் கடிகாரத்தைப் பார்த்திருந்த காலம் போய், கடிகாரம் நம்மைப் பார்த்திருக்கும் காலம் வந்துவிட்டது.

‘ஸ்மார்ட் வோச்’ என்று கேட்டாற்றான் கடைக்காரர் எடுத்துக் காட்டுவார். நாம் இக்கட்டுரையிற் ‘கைக்கருவி’ என்று கூறிச் செல்வோம். அது மூன்று வடிவிற் கிடைக்கிறது. ஒன்று மெல்லிய பட்டி. மற்றொன்று முழுக் கடிகாரம். மூன்றாவது விரலில் இடும் மோதிரம். இவற்றின் வரலாறு நீண்டதன்று. 1982ஆம் ஆண்டில் பின்லாந்து தேசத்துப் போலார் கம்பனி, மார்பிற் கட்டும் பட்டியொன்றிலிருந்து கைக்கடிகாரத்துக்குக் கம்பியின்றியே இருதயத் துடிப்பை அனுப்பும் கருவியை விளையாட்டு வீரர்க்கென வெளியிட்டது. 2014இற் சீனத்துச் சியோமி கம்பனி மலிவான கைப்பட்டியைக் கொணர்ந்தது. அடுத்த ஆண்டு அப்பிள் கம்பனியின் கடிகாரம் வந்தது. வீரர்க்கென்று பிறந்த பொருள் அவ்வாறு வீட்டுக்குள் நுழைந்தது.

நம் குடாநாட்டில் இக்கருவியைக் கடையிற் சென்று வாங்குவோரினும், கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பப் பெறுவோரே அதிகம் என்று தோன்றுகிறது. ஆகவே, எதை வாங்குவது என்னும் வினா ஒரு வீட்டுக்குள் எழும் வினா மட்டுமன்று. கடல் கடந்து இரண்டு வீடுகளுக்கிடையே எழும் வினாவாகவும் இருக்கிறது. அதனாலேயே இதனைச் சற்று விரித்துக் கூற எண்ணினோம்.

வடமராட்சியில் நாம் நன்கறிந்த ஓர் இல்லம் உண்டு. அங்கே இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் தனித்து வாழ்கிறார். மனைவியார் காலமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த வேளையில், ரொறன்ரோவிலுள்ள மகன் விலையுயர்ந்த கைக்கருவி ஒன்றை அனுப்பி வைத்தார். தந்தையின் கையிலுள்ள கருவி தந்தையின் கைத்தொலைபேசிக்குச் சொல்ல, அது மகனின் தொலைபேசிக்குச் சொல்லும். யாழ்ப்பாணத்தில் வைகறை ஐந்து மணியாகும்போது ரொறன்ரோவில் முதல்நாள் மாலை ஏழரை மணி, பனிக்காலமாயின் ஆறரை. வேலை முடிந்து வீடு திரும்பும் மகன், ஐயா கண்விழித்தெழுந்த செய்தியையும் அவரது இரவின் கணக்கையும் ஒருங்கே காண்பார். ஏழு மணித்தியாலம், ஏழரை மணித்தியாலம் என்று கணக்கு ஒழுங்காகவே வந்துகொண்டிருந்தது. மகன் நிம்மதியாயிருந்தார்.

அயல்வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி நாள்தோறும் அவருக்குக் கறி கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். ஆசிரியரின் முகம் வாடியிருப்பதையும் பகலிற் கதிரையிலிருந்தபடியே அவர் தூங்கி விழுவதையும் கண்டு, “மாஸ்டர், இரவிலை நித்திரை கொள்ளுறேல்லையோ?” என்று அவள் கேட்டாள். “பிள்ளை, மூண்டு மாதமாய் ஒழுங்கான நித்திரை இல்லை. படுத்துக் கிடக்கிறன், விடியுது” என்றார் அவர். பின்னர் வைத்தியரிடம் சென்றதும், மகன் செய்தியறிந்து கலங்கியதும் வேறு கதை. கருவி பழுதுபட்டதன்று. இருளில், அசையாமல், முகட்டைப் பார்த்தபடி கிடந்த ஒரு முதியவரின் துயரத்தை அது உறக்கம் என்று எழுதியிருந்தது.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிந்துகொண்டாற் கருவியைத் தெரிந்தெடுக்கும் வேலையிற் பாதி முடிந்துவிடும்.

கருவியின் கண்ணும் காதும்

இக்கருவிகளுக்குப் பெரும்பாலும் இரண்டே புலன்கள். முதலாவது அசைவை அறிவது. கருவியின் உள்ளே, கண்ணாற் காணமுடியாத சிறு சிலிக்கன் திண்மமொன்று விற்போன்ற இழைகளிற் பொருத்தப்பட்டிருக்கிறது. கை அசையும்போது அத்திண்மம் தன் நிலையினின்று விலகும். அவ்விலகலை மின்சாரத்தால் அளந்து, இது நடை, இது ஓட்டம், இது ஓய்வு என்று கணிப்பர்.

இரண்டாவது புலன் ஒளி. கருவியின் அடிப்புறத்திற் பச்சை விளக்கு மினுங்குவதைப் பலர் கண்டிருப்பர். இரத்தம் பச்சையொளியை நன்கு விழுங்குவது. ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலின் கீழுள்ள நுண்குழாய்களில் இரத்தம் பெருக, விழுங்கப்படும் ஒளி கூடுகிறது. திரும்பி வரும் ஒளி குறைகிறது. அடுத்த கணம் மாறிவிடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்புக் கிடைத்துவிடும். மாணவர்கள் இருட்டறையில் மின்சூளைத் தம் விரலாற் பொத்திப் பார்த்தால், விரலூடே சிவப்பு மட்டும் வெளிவருவதைக் கண்டு இதன் அடிப்படையை விளங்கிக்கொள்ளலாம்.

அசைவும் நாடியும் ஆகிய இவ்விரண்டைக்கொண்டே கருவி உறக்கத்தை ஊகிக்கிறது. ஊகிக்கிறது என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே இட்டோம். உறக்கம் மூளையின் நிகழ்ச்சி. ஜெர்மனியிற் ஹான்ஸ் பெர்கர் என்னும் வைத்தியர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்து, 1929இல் அதை வெளியிட்டார். 1953இற் சிக்காகோவில் அசெரின்ஸ்கி, கிளைற்மன் என்னும் இருவர், உறங்குபவரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் ஒரு கட்டம் உண்டென்றும், கனவுகள் அப்போதே மிகுதியாகத் தோன்றுகின்றன என்றும் காட்டினர். இன்றும் உறக்கத்தைத் திட்டமாய் அளக்க வேண்டுமாயின் தலையிலும், கண்ணருகிலும், தாடையிலும் மின்வாய்களை ஒட்டி இராமுழுவதும் ஆய்வுகூடத்திற் படுக்கவைத்தல் வேண்டும். மணிக்கட்டிலிருக்கும் கருவிக்கு மூளை தெரியாது. வீட்டு வாயிலில் நின்று, உள்ளே ஓசையில்லை, ஆதலின் எல்லாரும் உறங்குகிறார்கள் என்று சொல்லும் காவற்காரனைப் போன்றது அது.

அக்காவற்காரனின் சொல் எவ்வளவு நம்பத்தக்கது? அமெரிக்காவில் 34 நலமுள்ள இளவயதினரை ஆய்வுகூடத்தில் உறங்கவைத்து, ஏழு கருவிகளை மூளையலைப் பதிவோடு ஒப்பிட்டு 2021இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. மெய்யாக உறங்கிய நேரத்தில் 100க்கு 93 பங்கையேனும் எல்லாக் கருவிகளும் சரியாகக் கண்டுகொண்டன. மெய்யாக விழித்திருந்த நேரத்திலோ மிகச் சிறந்த கருவி 100க்கு 54 பங்கைத்தான் கண்டது. மிகத் தாழ்ந்தது 18 பங்கையே கண்டது. நலமுள்ள இளைஞனுக்கு இது பெருங்குறையன்று. அவன் படுத்தால் உறங்குபவன். உறக்கமின்றி அவதியுறுவோர்க்கே இக்கருவி துணைசெய்ய வேண்டும். அவர்களிடத்திலேயே அது அதிகம் தவறுகிறது. வடமராட்சி ஆசிரியருக்கு நேர்ந்தது இதுவே.

இதனால் உறக்கக் கணக்கு வீண் என்று கொள்ளலாகாது. எத்தனை மணிக்குப் படுத்தோம், எத்தனை மணிக்கு எழுந்தோம், வாரத்தில் எத்தனை நாள் நள்ளிரவு தாண்டிற்று என்பவற்றை அது நம்மினும் நேர்மையாகச் சொல்லும். வளர்ந்தோர்க்கு ஏழு மணித்தியாலமேனும் உறக்கம் வேண்டும் என்பது வைத்தியர் கொள்கை. கைத்தொலைபேசியைப் பார்த்தபடி இரவு ஒரு மணியாக்கிவிட்டு, “பத்து மணிக்கே படுத்துவிட்டேன்” என்று தாயிடம் சாதிக்கும் பிள்ளைக்கு இக்கணக்கு நல்ல சாட்சி. ஆழ்ந்த உறக்கம் இத்தனை நிமிடம், கனவுறக்கம் இத்தனை நிமிடம், இன்றைய புள்ளி 61 என்று வண்ணவண்ணமாய் வரும் கோடுகளைத்தான் நாம் அளவோடு நம்ப வேண்டும்.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவியொருத்தி, காலையிற் கருவி காட்டிய புள்ளி குறைந்திருந்தமையால் அன்று முழுவதும் தலை பாரமாயிருக்கிறதென்று புத்தகத்தை மூடிவைத்ததை நாம் கண்டோம். அடுத்த இரவு புள்ளி குறைந்துவிடுமோ என்ற கவலையே அவளது உறக்கத்தைக் கெடுத்தது. இவ்வாறு கருவியின் கணக்கைத் திருத்தும் பொருட்டே உறக்கம் கெட்டு வந்தவர்களைக் கண்ட அமெரிக்க ஆய்வாளர் சிலர், 2017இல் அந்நிலைக்கு ‘ஓதோசொம்னியா’ என்று ஒரு பெயரும் இட்டனர். பரீட்சைக்கு முந்திய மாதத்தில் உறக்கப் புள்ளியைப் பாராதிருத்தலே மாணவர்க்கு நலம். கருவியில் அதனை மறைத்துவைக்க வழியிருந்தால் மறைத்துவிடுக. இல்லையாயின் இரவிற் கழற்றி அலுமாரியில் வைத்துவிடலாம்.

பதினாயிரம் அடி

கணக்கப்பிள்ளை திறமையோடு செய்யும் தொழில் நடையை எண்ணுவதே. ஆனால் நாளொன்றுக்குப் பதினாயிரம் அடி நடக்க வேண்டும் என்று இக்கருவிகள் விதிக்கும் இலக்கு எந்த வைத்தியரும் ஆய்ந்து சொன்னதன்று. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டு நடந்து முடிந்தபின், 1965இல் யப்பானியக் கம்பனியொன்று இடுப்பிற் கொளுவும் நடைமானி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு அவர்கள் இட்ட ‘மான்போ கேய்’ என்னும் பெயருக்குப் பதினாயிரம் அடி மானி என்பது பொருள். விற்பனைக்காக வைத்த பெயர் உலகத்துக்கே விதியாயிற்று! 2019இல், சராசரி வயது 72 ஆன பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் பெண்மணிகளின் நடையைக் கணித்து வெளியிட்ட ஆய்வு, நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,700 அடி நடந்தோரினும் 4,400 அடி நடந்தோருள் இறப்புக் குறைந்திருந்ததென்றும், 7,500 அடிக்கு அப்பால் மேலதிக நன்மை காணப்படவில்லை என்றும் கூறிற்று. முழங்கால் நோவோடு பதினாயிரத்தை எட்ட முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வரும் ஆச்சிமார் இதனை அறிவது நல்லது.

நம் ஊர் வழக்கங்களில் இக்கருவி ஏமாறும் இடங்கள் சில உள. சைக்கிளின் கைபிடியைப் பற்றியிருக்கும் கை அசையாது. ஆகவே கோண்டாவிலிலிருந்து சுன்னாகம் சந்தைக்கு மூச்சுவாங்க மிதித்துச் சென்றவர் அடிக்கணக்கில் ஏறக்குறையச் சோம்பேறியாகவே காணப்படுவார். தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுபவரும், தலையிற் சுமையைப் பிடித்தபடி நடப்பவரும் அவ்வாறே. மாறாக, குந்தியிருந்து தேங்காய் திருவுபவர் கணக்கிற் சில அடிகள் சும்மா ஏறிவிடுவதுண்டு. ஆகவே சைக்கிளோடுபவர் அடிக்கணக்கை விட்டு, இருதயத் துடிப்பையும் உழைத்த நிமிடங்களையும் காட்டும் கருவியைத் தேர்தல் வேண்டும். வளர்ந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை, மிதமாக மூச்சு வாங்கும்படி உழைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிவுரை. அது அடிக்கணக்கன்று, நிமிடக்கணக்கு. பண்ணைப் பாலத்திற் காலையில் அரைமணி நேரம் கைவீசி நடப்பவர்க்கு ஐந்தே நாளில் 150 நிமிடம் நிறைந்துவிடும். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரைவழியே கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்களின் கணக்கை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கூட்டல் கணக்குக்கு அப்பாற்பட்டவர்கள்.

மருத்துவம் பேசும் கடிகாரம்

இனி, பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் பெரிய வாக்குறுதிகளுக்கு வருவோம். இங்கேதான் பணம் மட்டுமன்றி உயிரும் சம்பந்தப்படுகிறது.

சலரோகம் மலிந்த நம் குடும்பங்களிற் பலரை மயக்குவது, ஊசி குத்தாமலே இரத்தத்தின் சர்க்கரையைச் சொல்லும் என்னும் விளம்பரம். ஊசியின்றித் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாம் அனுமதி வழங்கவில்லை என்றும், அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2024 பெப்ரவரியில் மக்களை வெளிப்படையாக எச்சரித்தது. கருவி சொன்ன பொய்யான இலக்கத்தை நம்பி இன்சுலினைக் கூட்டியோ குறைத்தோ போட்டவர் சில மணி நேரத்தில் மயங்கி விழக்கூடும். தோலின்கீழ் மெல்லிய இழையைச் செருகி அளக்கும் கருவிகள் வேறு. அவை தாம் அளந்ததைக் கடிகாரத்துக்கு அனுப்பிக் காட்டுவதும் வேறு. கடிகாரமே சர்க்கரையை அளக்கும் என்று ஒருவர் விற்க வந்தால், அக்கடையில் வேறெதையும் வாங்காது திரும்புக.

இரத்த அழுத்தம் இடைநிலையில் நிற்கிறது. சம்சுங் கடிகாரங்கள் சிலவற்றில் அவ்வசதி உண்டு; ஆயின் நான்கு வாரத்துக்கொரு முறை கையிற் காற்றடைத்து அளக்கும் வழக்கமான மானியோடு அதனைச் சரிபார்த்துக் கொடுத்தல் வேண்டும். ஹுவாவி கம்பனியின் ஒருவகைக் கடிகாரம் பட்டிக்குள்ளேயே காற்றடைத்து அளக்கிறது. இவையல்லாத மலிவுக் கருவிகள் காட்டும் அழுத்தம் பெரும்பாலும் கற்பனை. எப்படியும் சரிபார்க்க அந்த மானி வேண்டியிருக்கிறதாயின், வீட்டில் முதலில் அதனையே வாங்கலாமல்லவா? பெற்றோர்க்கு அனுப்ப ஒரு தொகையை ஒதுக்கியிருக்கும் பிள்ளைகளுக்கு நாம் கூறுவது இதுதான்: முதலில் மேற்கையிற் கட்டும் அழுத்தமானி, எஞ்சிய பணத்திற் கைக்கருவி.

பிராணவாயுவின் அளவு பற்றி நம்மவர் சிறப்பாய் அறியவேண்டிய செய்தியொன்றுண்டு. யப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அஒயாகி 1974இல் வகுத்த முறைப்படி, இரண்டு நிற ஒளிகள் இரத்தத்தில் எவ்வளவு விழுங்கப்படுகின்றன என்பதை ஒப்பிட்டு அவ்வளவைக் கணிக்கின்றனர். தோலின் கருமையும் ஒளியை விழுங்குவதே. 2020 டிசெம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, வைத்தியசாலையில் விரலில் மாட்டும் கருவிகூட, கறுப்பின நோயாளரிற் பிராணவாயு ஆபத்தாகக் குறைந்திருந்ததை, வெள்ளையரிலும் பார்க்க ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதெனக் காட்டிற்று. விரற்கருவிக்கே இந்நிலையாயின் மணிக்கட்டில் தளர்ந்து கிடக்கும் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூச்சுத் திணறுகிறவர் முன்னே கடிகாரம் 97 என்று காட்டினால், மூச்சையே நம்புக, கடிகாரத்தையன்று.

இருதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைக் கண்டுபிடிப்பதில் மட்டும் நல்ல கருவிகள் மதிப்புக்குரிய வேலை செய்கின்றன. அப்பிள் கடிகாரம் அணிந்த நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோரை வைத்து நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரத்துக்கு ஐந்து பேருக்கே எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கை பெற்றபின் மார்பிற் பதிவுப் பட்டையை ஒட்டிப் பரிசோதித்துத் திருப்பி அனுப்பியவர்களுள் மூவரில் ஒருவருக்கு மேல்மட்ட இருதய அறைகளின் தாறுமாறான துடிப்பு அப்போதும் காணப்பட்டது. அது பாரிசவாதத்துக்கு வழிவகுப்பது. வேளையோடு அறிந்தால் மருந்துண்டு. எனினும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் வல்லமை இக்கடிகாரங்களுக்கில்லை. நெஞ்சுநோவு வந்தால் திரையைத் தட்டிக்கொண்டிராது 1990 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். இலவசமான அந்த அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வடமாகாணத்துக்கும் விரிக்கப்பட்டது.

நம் சித்த வைத்தியரும் மணிக்கட்டைத்தான் பிடிக்கிறார். ஆயினும் அவர்க்கு நாடி எண்வகைத் தேர்வில் ஒன்று. பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் ஏழையும் அவர் பார்க்கிறார். நா வெளுத்திருப்பதையும், பேச்சுத் தளர்ந்திருப்பதையும் கண்ட பின்னரே நாடி சொன்னதை நிறுக்கிறார். வடமராட்சியில் அந்த அயல்வீட்டுப் பெண் அறியாமலே செய்ததும் மொழியும் விழியும் பார்த்தலே.

கடைக்குச் செல்லுமுன்

தெரிவில் முதலிற் கேட்கவேண்டியது, யாருக்கு, எதை அறிய என்பதே. நடையையும் படுக்கை நேரத்தையும் அறிய விரும்பும் மாணவனுக்கும் இல்லத்தரசிக்கும் மலிவான நற்பெயர்க் கம்பனிப் பட்டி போதும். விலைகூடிய கடிகாரம் அவர்களுக்குச் சொல்லும் மேலதிகச் செய்தி சொற்பம்.

அடுத்தது பற்றரி. அப்பிள் கடிகாரம் ஏறக்குறைய ஒரு நாளைக்கே நிற்கும். மெல்லிய பட்டிகள் ஒரு வாரம், இரண்டு வாரம் கூட நிற்கும். இரவிற் சாச்சரில் மாட்டவேண்டிய கருவி இரவின் உறக்கத்தை எவ்வாறு அளக்கும்? வயோதிபர்க்கு நாள்தோறும் கழற்றி மாட்டும் வேலை ஒரு வாரத்திற் சலித்துவிடும். அதன்பின் கருவி சுவாமிப் படத்தடியிற் கிடக்கும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு நிகழ்ந்ததை நாம் மறக்கவில்லை. அதற்கும் முன்னே, குடாநாட்டில் மின்சாரமே அற்றுப்போன தொண்ணூறுகளிற் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். நீண்டநாள் நிற்கும் பற்றரியின் அருமை நமக்குத் தெரியாததன்று.

வயோதிபர்க்கு விழுகையை அறிந்து அழைப்பெடுக்கும் வசதி உள்ள கடிகாரம் உகந்ததென்பர். மெய்யே. ஆயினும் அவர்கள் பெரும்பாலும் விழுவது கிணற்றடியிலும் குளியலறையிலும். குளிக்கும்போது கடிகாரத்தைக் கழற்றி வைப்பதே நம் வழக்கம். ஆகவே தண்ணீர் புகாத கருவியை வாங்குவதோடு, குளிக்கும்போதும் அணியுமாறு பழக்குதல் வேண்டும். அன்றியும், பல கருவிகள் அருகிற் கைத்தொலைபேசி இருந்தாற்றான் அழைப்பெடுக்கும். தொலைபேசி முன்விறாந்தையிலும் ஆச்சி கிணற்றடியிலுமாயின் பயனில்லை. கீரிமலைக் கேணியிலோ கடலிலோ தோய்ந்தபின் நன்னீரிற் கழுவித் துடைக்காவிடிற் பட்டியின் கீழே தோல் கரப்பன் பிடிப்பதும் உண்டு.

எழுத்துப் பெரிதாயும் திரை வெளிச்சமாயும் இருக்கிறதா, எவ்வளவு பகுதி தமிழில் வருகிறது என்று பார்க்கத் தவறற்க. 1847இல் நம் நாட்டுக்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். அவ்வாறிருக்க, இன்று தன் நாடித்துடிப்பைத் தானே வாசிக்க முடியாமற் பேரப்பிள்ளையைக் கூப்பிடும் ஆச்சியைக் காண நமக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது.

கடையிலேயே செய்யக்கூடிய பரிசோதனைகளும் உண்டு. கருவியை மணிக்கட்டெலும்புக்கு ஒரு விரல் மேலே, இறுகவும் தளரவும் இன்றிக் கட்டுக. வாய்விட்டு நூறு அடி எண்ணி நடந்து, அது எத்தனை என்கிறது என்று பார்க்க. நாடியைக் கைவிரலால் ஒரு நிமிடம் எண்ணி ஒப்பிடுக. அழுத்தமும் சர்க்கரையும் காட்டும் மலிவுக் கருவியென்றால் வீட்டிற் புடலங்காயொன்றிற் கட்டிப் பாருங்கள். ஒளியால் நாடி எண்ணும் நல்ல கருவியும் சில வேளை ஏமாந்து ஏதேனும் துடிப்பைச் சொல்லிவிடும்; அது மன்னிக்கத்தக்கது. புடலங்காய்க்கு இரத்த அழுத்தம் 120க்கு 80 என்று சொல்லுமாயின் அன்றைக்கே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுக.

மற்றொன்று, இக்கணக்குகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது. அவை பெரும்பாலும் அந்நிய தேசத்துக் கம்பனிகளின் கணினிகளிற் சேமிக்கப்படுகின்றன; கம்பனி கைமாறினாற் கணக்கும் கைமாறும். ஃபிட்பிட் கம்பனி 2021 ஜனவரியிற் கூகிளின் கைக்குச் சென்றது. 2018இல், ஸ்ராவா என்னும் நிறுவனம் உலகெங்கும் ஓடுவோர் நடப்போரின் தடங்களைச் சேர்த்து வெளியிட்டிருந்த படத்தில், இரகசியமான படைமுகாம்களின் உள்வழிகள் ஒளிக்கோடுகளாய்த் தெரிந்ததாக உலகப் பத்திரிகைகள் எழுதின. நடந்தவர்கள் தங்கள் உடல்நலத்துக்காகவே நடந்தார்கள். ஆகவே, இடத்தைக் குறிக்கும் வசதியை வேண்டாதபோது நிறுத்தி வைக்கலாம். பெற்றோரின் இரவைப் பிள்ளைகள் தூரதேசத்திலிருந்து பார்ப்பதாயினும், அவர்களிடம் கேட்டு, இன்னின்னது தெரியும் என்று சொல்லியே பார்த்தல் முறை. தாம் எத்தனை மணிக்கு எழுந்து வெளியே சென்றோம் என்பதை மகனும் மருமகளும் அறிவார்கள் என்பது எல்லாத் தாய்மார்க்கும் உவப்பாயிராது.

வடமராட்சி ஆசிரியரை அண்மையிற் கண்டோம். வைத்தியர் சொற்படி மாலைதோறும் வாசிகசாலை வரை நடந்து வருகிறார். அந்த நடையைக் கருவி சரியாக எண்ணுகிறது; 4,000க்கு மேல் வருகிறதென்று நமக்குக் காட்டினார். உறக்கத்தை அவர் ஓர் அப்பியாசக் கொப்பியிற் தம் கையாலேயே எழுதி, ஞாயிறுதோறும் மகனுக்கு வாசிக்கிறார். புதிய மாதிரிக் கடிகாரம் அனுப்பட்டுமா என்று மகன் கேட்டிருக்கிறார். பட்டி வியர்வையில் இற்றுப்போயிருக்கிறது, அதை மட்டும் அனுப்பு என்று சொன்னாராம்.